மதிப்பெண்ணுக்கு அப்பால் ஒரு யோக்கியதை

ஹார்வர்டு பிஸினஸ் ஸ்கூலில் எம்.பி.ஏ. படிக்க விண்ணப்பம் செய்கிறவர்களிடம், தங்களைப் பற்றிப் பள்ளி மேலும் அறிந்துகொள்ள வேண்டியது எதுவாயினும் எழுதலாம் என்ற ஒரே ஒரு கேள்வியைத்தான் அந்த ஸ்தாபனத்தார் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்தார்கள். 2024ஆம் ஆண்டில் அந்த வழக்கம் மாறியது. வியாபார நோக்கு, தலைமைப் பண்பு, வளர்ச்சியில் நாட்டம் ஆகிய மூன்றையும் தனித்தனியே குறிப்பிட்டு, முதலாவதற்கு 300 சொற்கள், மற்ற இரண்டுக்கும் 250 சொற்கள் வீதம் என்று எல்லை வகுத்து, இக்குணங்கள் தம்மிடம் எவ்வாறு உருவாயின என்பதைக் காட்டும்படி கேட்கத் தொடங்கினார்கள். பார்வைக்கு இது விண்ணப்பப் படிவத்தில் செய்த ஒரு சிறு திருத்தம். ஆனால், தோன்றியதை எழுதுங்கள் என்று விட்டிருந்த ஒரு பள்ளி, தான் தேடும் மனிதரின் லட்சணம் இன்னதென்று தானே முன்வந்து அறிவிக்கத் தலைப்பட்டதைப் பற்றி யோசிக்கப் புகுந்தால், அமெரிக்க உயர்கல்வியின் நூறாண்டுச் சரித்திரமும், அதில் புதைந்து கிடக்கும் சில கசப்பான உண்மைகளும், ஒரு வகுப்பறை எவ்வாறு நடைபெறுகிறது என்ற அடிப்படைப் பிரச்சினையும் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்படுகின்றன.

ஜிமேட் தேர்வில் உயர்ந்த மதிப்பெண், கல்லூரியில் நல்ல தரம், பெயர்பெற்ற கம்பெனியில் நாலைந்து வருஷ அனுபவம் என்று எல்லாம் குறைவின்றி இருந்தும் இப்பள்ளிகளிலிருந்து திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் ஆயிரக்கணக்கில் உண்டு. ஹார்வர்டின் வகுப்பில் ஏறக்குறைய 930 பேருக்கும், ஸ்டான்போர்டில் 420 பேருக்கும்தான் இடம். படிப்பைச் சமாளிக்கும் திறமை உடையவர்களோ அதைப்போல் பல மடங்கு. ஆகவே, திறமையை நிர்ணயித்த பிறகு இரண்டாவதாக ஒரு பரிசோதனை தேவைப்படுகிறது. இவர் நமக்கு ஏற்றவர்தாமா என்பதே அந்தப் பரிசோதனை. 'ஃபிட்' என்று விண்ணப்பதாரர்கள் நித்தமும் உச்சரித்து, அதன் பொருளைப் பற்றி மட்டும் ஒருவருக்கொருவர் மாறுபட்ட அபிப்பிராயம் கொண்டிருக்கும் விஷயம் இது. நடையுடை பாவனையிலும் பேச்சிலும் பொழுதுபோக்கிலும் பள்ளியின் பழைய மாணவர்களை ஒத்திருப்பதுதான் ஏற்புடைமை என்று கொண்டால் அது அநீதிக்கே துணைபோகும் என்பதும், அந்தப் பள்ளி போதிக்கும் முறைக்கு இவரால் விளையும் உபகாரமும் இவருடைய உண்மையான குறைக்கு அந்தப் பள்ளியால் கிடைக்கும் பரிகாரமும் சந்திக்கும் இடமே ஏற்புடைமை என்று கொண்டால்தான் அது நியாயமான அளவுகோலாகும் என்பதும் இக்கட்டுரையின் கட்சி.

வர்த்தகத்தைச் சர்வகலாசாலையில் கற்பிக்கலாம் என்ற எண்ணமே அமெரிக்காவில் புதிது. நிக்கல், இரும்பு ஆகிய தொழில்களில் பொருள் ஈட்டிய ஜோசப் வார்ட்டன் கொடுத்த நிதியைக்கொண்டு பென்சில்வேனியாவில் 1881ஆம் ஆண்டு ஒரு பள்ளி தோன்றியது. பட்டதாரிகளுக்கென்றே அமைந்த முதல் நிர்வாகப் பள்ளி 1900இல் டார்ட்மத் கல்லூரியில் டக் என்ற பெயரோடு பிறந்தது. எம்.பி.ஏ. என்ற பட்டத்தை உண்டாக்கிய ஹார்வர்டு பள்ளி 1908இல் வந்தது. அக்காலத்தில் மாணவர்களைப் பொறுக்கி எடுப்பது ஒரு பிரச்சினையாகவே இல்லை; வந்து சேர ஆட்கள் போதிய அளவு கிடைப்பார்களா என்பதே கவலை.

பொறுக்கி எடுக்கும் கலையின் தோற்றுவாயை வேறிடத்தில் பார்க்கவேண்டும். ஹார்வர்டின் இளங்கலைக் கல்லூரியில் நுழைவுப் பரீட்சையில் தேறினவர்களுக்கெல்லாம் இடம் உண்டு என்ற நிலை நிலவியபோது, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதர்களின் பிள்ளைகள் அந்தப் பரீட்சையில் நன்றாகத் தேறினார்கள். இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது நூற்றுக்கு ஏழு பேராக இருந்த யூத மாணவர்கள் 1922ஆம் ஆண்டளவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஆகிவிட்டார்கள். சர்வகலாசாலையின் தலைவராக இருந்த லாரன்ஸ் லோவெல் இதைக் கண்டு கலங்கி, அவர்களுக்கு வெளிப்படையாக ஒரு வரம்பு கட்டவேண்டும் என்று யோசனை சொன்னார். வரம்பு என்று வெளிப்படையாகச் சொல்வதை ஆசிரியர் குழு ஏற்கவில்லை. ஆனால் வேறு வழி திறந்தது. விண்ணப்பதாரரின் குணம், ஆளுமை, தலைமைத் தன்மை ஆகியவற்றையும் கணக்கில் எடுப்பது, புகைப்படம் கேட்பது, தந்தையின் பெயரோ தம் பெயரோ பிறந்தபின் மாற்றப்பட்டதுண்டா என்று விசாரிப்பது, சிபாரிசுக் கடிதங்களைக் கோருவது என்று 1920களில் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்பாடுகள் புகுத்தப்பட்டன. யூத மாணவர்களின் விகிதமும் லோவெல் விரும்பிய எல்லைக்கே இறங்கிவந்தது. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆகிய மூன்றின் சேர்க்கை ஆவணங்களையும் துருவி ஆராய்ந்து ஜெரோம் காரபெல் என்ற சமூகவியலாளர் 2005ஆம் ஆண்டு வெளியிட்ட பெரிய நூல் இச்சரித்திரத்தை விவரமாக எடுத்துரைக்கிறது. இன்று உலகம் முழுவதிலும் உள்ள இளைஞர்கள் இரவு கண்விழித்து எழுதும் தன்விளக்கக் கட்டுரைக்கும், அவர்கள் மேலதிகாரிகளிடம் கெஞ்சி வாங்கும் சிபாரிசுக்கும் முன்னோடிகள் இந்த ஏற்பாடுகளே. பிறவியிலேயே களங்கம் உடைய ஒரு முறை, பிற்காலத்தில் நல்ல காரியத்துக்குப் பயன்படலாகாது என்பதில்லை. ஆயினும் அதன் பிறப்பை மறந்துவிட்டு அதைப் பற்றிப் பேசுவது விவேகமாகாது.

வர்த்தகப் பள்ளிகளுக்கும் தத்தம் அளவில் இத்தகைய களங்கம் உண்டு. ஹார்வர்டு பிஸினஸ் ஸ்கூலின் இரண்டாண்டு எம்.பி.ஏ. வகுப்பில் முதலாண்டிலிருந்தே பெண்கள் சேர்ந்து படிக்க 1963ஆம் ஆண்டுவரை காத்திருக்கவேண்டியிருந்தது. அப்போது சேர்ந்தவர்கள் எட்டே பேர். ஐம்பத்தைந்து ஆண்டுக்காலம் பெண் என்பவளே அந்த வகுப்புக்கு ஏற்றவள் அல்லள் என்று கருதப்பட்டதை நோக்கினால், ஏற்புடைமை பற்றிய தீர்ப்பு எத்தனை எளிதில் வழக்கத்துக்கு அடிமையாகிவிடும் என்பது விளங்கும். இந்த நிலைக்கு ஓரளவு மாற்று மருந்தாக வந்தது பொதுத் தேர்வு. ஒன்பது பள்ளிகளின் பிரதிநிதிகள் கூடி யோசித்ததன் பயனாக, இன்று ஜிமேட் என்று நாம் அறியும் பரீட்சையின் முதல் வடிவம் 1954ஆம் ஆண்டில் நடத்தப்பட்டது. குலமும் கோத்திரமும் அறியாத ஒருவனை எண் ஒன்று அறிமுகப்படுத்தும் என்றால், அதைச் சிறிய விஷயமாகத் தள்ளிவிட முடியாது.

அப்படியானால் எண்ணோடு நின்றுவிடக் கூடாதா? இந்த இடத்தில் வகுப்பறையின் சுபாவத்தைக் கவனிக்கவேண்டும். சட்டக் கல்வியில் வழக்குகளைக்கொண்டு போதிக்கும் மரபைப் பின்பற்றி, ஒரு கம்பெனி எதிர்ப்பட்ட உண்மையான சங்கடத்தைப் பத்திருபது பக்கங்களில் எழுதிக் கொடுத்து, முடிவெடுக்கவேண்டிய இடத்தில் நீ இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்கும் முறையை ஹார்வர்டு பள்ளி 1920களில் தன் உயிர்நாடியாக ஆக்கிக்கொண்டது. மாணவர்கள் 'கேஸ்' என்று சொல்லும் இத்தகைய வரலாறுகளை இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ ஐந்நூறு படிக்கிறார்கள். ஏறக்குறைய தொண்ணூறு பேர் கொண்ட ஒரு பிரிவு, அரைவட்டமாகப் படிப்படியாக உயர்ந்து செல்லும் ஆசனங்களில், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும்படி அமர்ந்திருக்க, ஆசிரியர் நடுவில் நின்று ஒருவரைச் சட்டென்று அழைத்துப் பேசச் சொல்கிறார்; மற்றவர்கள் கையுயர்த்தி மறுக்கிறார்கள், திருத்துகிறார்கள், புதிய கோணத்தைக் காட்டுகிறார்கள். பல பாடங்களில் மதிப்பெண்ணில் பாதி இந்தப் பேச்சுக்கே உரியது. விரிவுரை நடக்கும் வகுப்பில் பக்கத்திலிருப்பவன் யாராயிருந்தால் எனக்கென்ன என்று ஒரு மாணவன் இருந்துவிடலாம். இங்கே பக்கத்திலிருப்பவன்தான் பாடம். ஆப்பிரிக்கச் சுரங்கத்தில் கணக்கெழுதியவரும், சேனையில் பணியாற்றியவரும், வங்கியில் கடன் மறுத்தவரும், கடன் மறுக்கப்பட்டவரும் ஒரே அறையில் இருந்தால்தான் அந்தப் பத்திருபது பக்கங்களுக்கு உயிர் வரும். ஆகவே இந்தப் பள்ளிகள் மாணவரைத் தெரிந்தெடுப்பதில் பாடத்திட்டம் தயாரிக்கும் வேலையும் ஒரு பகுதியாக அடங்கியிருக்கிறது.

சிகாகோ நகருக்கு வடக்கே எவன்ஸ்டனில் உள்ள கெல்லாக் பள்ளி இதை வேறொரு வகையில் உணர்ந்தது. 1975 முதல் 2001 வரை அங்கே தலைவராக இருந்த டொனால்டு ஜேக்கப்ஸ், மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து வேலை செய்வதையே பள்ளியின் அடையாளமாக ஆக்கி, அப்படி வேலை செய்யக்கூடியவர்தாமா என்று நேரில் பார்த்தறிவதற்காக விண்ணப்பதாரர்களைப் பேட்டி காணும் வழக்கத்தைப் பரவலாக்கினார். நல்ல கச்சேரியில் பக்கவாத்தியக்காரர் எங்கே வாசிக்கவேண்டும் என்பதோடு எங்கே கையை எடுக்கவேண்டும் என்பதையும் அறிந்திருப்பதுபோல, குழுவில் பிறரைப் பேசவிடும் அறிவு ஒரு தனி வித்தை. அதைப் பரீட்சைத் தாளில் அளக்க வழியில்லை. 1988ஆம் ஆண்டு பிஸினஸ் வீக் பத்திரிகை முதன்முறையாக இப்பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தியபோது, எல்லோரும் எதிர்பார்த்த ஹார்வர்டையும் ஸ்டான்போர்டையும் பின்னுக்குத் தள்ளி, கெல்லாக் முதலிடம் பெற்றது. அதன் பிறகு பண்பாடு, ஒத்துழைப்பு, சமூகம் ஆகிய சொற்கள் மற்றப் பள்ளிகளின் அறிமுகப் பிரசுரங்களிலும் பெருகிப் பொங்கியதில் ஆச்சரியம் இல்லை.

பள்ளிகள் ஏற்புடைமையை நாடுவதற்குத் தரவரிசையோடு தொடர்புடைய ஓர் உலகியல் காரணமும் உண்டு என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். இடம் கொடுக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் உண்மையில் வந்து சேருகிறார்கள் என்ற விகிதம் ஒவ்வொரு பள்ளிக்கும் மானப் பிரச்சினை. எங்களிடம் ஏன் வர விரும்புகிறீர்கள் என்று கேட்கும்போது, கூப்பிட்டால் வருவீர்களா என்ற கேள்வியும் அதற்குள் ஒளிந்திருக்கிறது. ஹார்வர்டும் ஸ்டான்போர்டும் இதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. அடுத்த வரிசையில் நிற்கும் பள்ளிகளுக்குத்தான் இந்தக் கவலை.

மனிதனுக்கும் ஸ்தாபனத்துக்கும் இடையிலான இணக்கம் பற்றி உளவியலாளர்கள் ஆராய்ந்திருப்பதும் நமக்கு உதவும். பெஞ்சமின் ஷ்னைடர் 1987ஆம் ஆண்டு எழுதிய ஒரு கட்டுரையில், ஒரு ஸ்தாபனம் தன்னைப் போன்றவர்களையே கவர்கிறது, அவர்களையே தெரிந்தெடுக்கிறது, ஒவ்வாதவர்கள் தாமே விலகிப்போகிறார்கள், ஆகவே காலப்போக்கில் அங்கே இருப்பவர்கள் ஒரே அச்சில் வார்த்தவர்களாகிவிடுகிறார்கள் என்று வாதித்தார். அப்படி ஆகிவிடுவது மாறும் உலகத்துக்கு ஈடுகொடுக்க முடியாத பலவீனத்தைத் தரும் என்ற எச்சரிக்கையும் அதில் உண்டு. சார்ல்ஸ் ஓ'ரைலி, ஜெனிபர் சாட்மன், டேவிட் கால்டுவெல் மூவரும் 1991இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 54 விழுமியங்களைத் தனித்தனியே எழுதிக் கொடுத்து, தனக்கு முக்கியமானவை எவை என்று ஊழியரையும், இங்கே முக்கியமானவை எவை என்று ஸ்தாபனத்தை அறிந்தவர்களையும் வரிசைப்படுத்தச் சொல்லி, இரண்டு வரிசைகளும் எவ்வளவுக்கு நெருங்கியிருந்தனவோ அவ்வளவுக்கு ஊழியரின் திருப்தியும் நிலைத்திருக்கும் விருப்பமும் கூடுதலாக இருக்கக் கண்டார்கள். ஆக, இணக்கம் என்பது வெறும் கற்பனை அன்று. ஆனால் அதில் இரண்டு ஜாதி உண்டு என்பதை ஆராய்ச்சியாளர்கள் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள்: இருப்பதோடு ஒத்திருப்பது ஒன்று, இல்லாததை நிரப்புவது மற்றொன்று. பெரும்பாலான விண்ணப்பதாரர்கள் முதலாவதை மட்டுமே நிரூபிக்கப் பாடுபட்டு, பள்ளிக்கு அதிகம் தேவையான இரண்டாவதை மறந்துபோகிறார்கள்.

ஒத்திருப்பதை மட்டும் பார்த்தால் என்ன நேரும் என்பதற்கு லாரன் ரிவேரா செய்த ஆராய்ச்சி சாட்சி. முதலீட்டு வங்கிகள், ஆலோசனைக் கம்பெனிகள், சட்ட நிறுவனங்கள் ஆகியவற்றில் ஆளெடுக்கும் பொறுப்பில் இருந்த 120 பேரைப் பேட்டி கண்டு, 2012ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட முடிவுகளின்படி, நேர்முகத் தேர்வில் மிக முக்கியமானது பண்பாட்டு இணக்கமே என்று அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கருதினார்கள். அந்த இணக்கமோ பல சமயங்களில், தாம் ஆடிய ஆட்டத்தையே எதிரிலிருப்பவரும் ஆடியிருப்பது, தாம் போன இடத்துக்கே அவரும் உல்லாசப் பயணம் போயிருப்பது, விமான நிலையத்தில் அகாலத்தில் அகப்பட்டுக்கொண்டால் இவரோடு பேசிக்கொண்டிருக்கலாமா என்பது போன்ற விஷயங்களாகவே இருந்தது. விலையுயர்ந்த ஆட்டங்களும் பயணங்களும் எந்தக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ரிவேரா பேராசிரியராக இருப்பது, பேட்டிக்குப் பெயர்போன அதே கெல்லாக் பள்ளியில் என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

பேட்டி காண்கிறவர்கள் தம் ஊகசக்தியின்மேல் வைக்கும் நம்பிக்கையை ஆட்டங்காணச் செய்யும் ஒரு சம்பவம் மருத்துவக் கல்வித் துறையிலும் உண்டு. ஹூஸ்டன் நகரில் உள்ள டெக்ஸாஸ் சர்வகலாசாலை மருத்துவக் கல்லூரி, பேட்டிகளை நடத்திப் பட்டியலை முடித்த பிறகு, மாகாணச் சட்டசபையின் உத்தரவால் 150 இடங்களை 200 ஆக்கவேண்டி வந்தது. முன்பு ஒதுக்கப்பட்டவர்களிலிருந்தே ஐம்பது பேரை எடுக்க நேர்ந்தது. பின்னர் கணக்குப் பார்த்தபோது, முதலில் தேர்ந்தவர்களுக்கும் ஒதுக்கப்பட்டுப் பிறகு வந்தவர்களுக்கும் படிப்பிலோ பயிற்சியிலோ சொல்லத்தக்க வித்தியாசம் எதுவும் காணப்படவில்லை என்று 1987ஆம் ஆண்டு வெளியான ஆய்வு தெரிவிக்கிறது. ஹார்வர்டின் இளங்கலைச் சேர்க்கை முறையை எதிர்த்து நடந்து, 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்போடு முடிந்த வழக்கிலும், ஆசிய வம்சாவளியினருக்குக் கல்வித் தகுதியில் உயர்ந்த மதிப்பும் ஆளுமைக்கான மதிப்பில் சராசரியாகத் தாழ்ந்த எண்ணும் கிடைத்துவந்தது பெரிய விவாதப் பொருளாயிற்று. லோவெல் காலத்துப் பிசாசு முழுவதும் விரட்டப்பட்டுவிட்டதா என்பதில் நியாயமான சந்தேகம் கொள்வதற்கு இடம் இருக்கிறது.

இந்தக் கண்டனங்கள் பள்ளிகளின் காதில் விழாமல் இல்லை. சுபாவத்தைப் பற்றிய ஊகத்தை விட்டு, நடந்த காரியத்தைக் கேட்பது என்ற திசையில் சில பள்ளிகள் நகர்ந்திருக்கின்றன. எம்.ஐ.டி.யின் ஸ்லோன் பள்ளியில் பேட்டி காண்பவர், நீங்கள் எப்படிப்பட்ட தலைவர் என்று கேட்பதில்லை. அண்மையில் நிகழ்ந்த ஒரு குறிப்பிட்ட சம்பவத்தைச் சொல்லச் சொல்லி, அந்தக் கணத்தில் நீங்கள் என்ன நினைத்தீர்கள், எதிராளியிடம் என்ன வார்த்தை சொன்னீர்கள், அவர் என்ன பதில் சொன்னார், பிறகு என்ன செய்தீர்கள் என்று அடுக்கடுக்காகக் கேட்டுக்கொண்டே போகிறார். அலங்காரமாக ஜோடித்த கதை மூன்றாவது கேள்வியில் அவிழ்ந்துவிடும். வார்ட்டன் பள்ளியில் ஐந்தாறு விண்ணப்பதாரர்களை ஒரு குழுவாகச் சேர்த்து, ஒரு பொருளைக் கொடுத்து, சுமார் அரைமணி நேரத்தில் கூட்டாக ஒரு தீர்மானத்துக்கு வரும்படி சொல்லிவிட்டு, ஓரமாக இருந்து கவனிக்கிறார்கள். அங்கே கணீரென்று பேசி மற்றவர்களை அமுக்குகிறவரும், வாயே திறவாதவரும் ஒருங்கே தோற்கிறார்கள். பெர்க்லியில் உள்ள ஹாஸ் பள்ளி, நடைமுறையில் இருப்பதைக் கேள்வி கேட்பது, கர்வமில்லாத தன்னம்பிக்கை, என்றும் மாணவராக இருப்பது, தன்னலத்துக்கு அப்பால் நோக்குவது என்று நான்கு கொள்கைகளை 2010ஆம் ஆண்டு வகுத்து அறிவித்தது. நான் முன்னே குறிப்பிட்ட ஜெனிபர் சாட்மன் பேராசிரியராக இருக்கும் பள்ளி அது. ஆராய்ச்சிக்கும் அனுஷ்டானத்துக்கும் அவ்வளவு நெருக்கம். டக் பள்ளியோ, புத்திசாலித்தனம், சாதனை, விழிப்பு ஆகியவற்றோடு, நல்ல மனிதராக இருக்கவேண்டும் என்பதையும் 2018ஆம் ஆண்டு ஒரு நிபந்தனையாகவே எழுதிவைத்தது. பிற்பாடு அதைப் பிறரை ஊக்குவிப்பவராக இருக்கவேண்டும் என்று மாற்றிக்கொண்டது. நல்லவர் என்பதற்கு அத்தாட்சி காட்டுவது அரிது, யாரை எப்போது ஊக்குவித்தீர்கள் என்று கேட்டால் விடை கிடைக்கும் என்ற வகையில், திருத்தம் புத்திசாலித்தனமானதுதான்.

நம் நாட்டிலிருந்து விண்ணப்பிக்கிறவர்கள் இந்த விஷயத்தில் தடுமாறுவதற்குக் காரணம் அவர்கள் வளர்ந்த சூழ்நிலை. கல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் ஐ.ஐ.எம். என்னும் இந்திய மேலாண்மைக் கழகங்கள் 1961ஆம் ஆண்டு தோன்றின. ஆமதாபாத் ஸ்தாபனம் ஹார்வர்டின் ஒத்துழைப்போடு பிறந்து, கேஸ் முறையை அப்படியே சுவீகரித்துக்கொண்டது. ஆனால் வாசலில் நின்று ஆளைத் தெரிந்தெடுக்கும் முறையை அது சுவீகரிக்கவில்லை. கேட் (CAT) என்ற பொது நுழைவுத் தேர்வின் மதிப்பெண், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு ஆகியவற்றின் மதிப்பெண்கள், வேலை அனுபவம், நேர்முகத் தேர்வு என்று ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு பங்கு என்று முன்கூட்டியே அச்சிட்டு வெளியிடுகிறார்கள். பெண்களுக்கும் பொறியியல் அல்லாத துறைகளில் படித்தவர்களுக்கும் சில ஐ.ஐ.எம்.கள் கூடுதல் புள்ளி கொடுக்கத் தொடங்கியதும், வகுப்பறையில் எல்லோரும் ஒரே அச்சாக இருக்கலாகாது என்ற அதே நோக்கத்தை எண்ணின் வழியாகவே நிறைவேற்றும் முயற்சி. லட்சக்கணக்கானவர்கள் போட்டியிடும் நாட்டில், சிபாரிசு என்ற சொல்லுக்கே ஊழல் நாற்றம் ஏறிவிட்ட சமூகத்தில், எண்ணை நம்பியதைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் அந்தப் பழக்கத்திலேயே ஊறியவர் கெல்லாகுக்கோ ஹார்வர்டுக்கோ கட்டுரை எழுத உட்காரும்போது, தம் ராங்க், தாம் வாங்கிய பரிசு, பதவி உயர்வு ஆகியவற்றின் ஜாபிதாவை எழுதிவிட்டு, அதன் மேலும் கீழும் பள்ளியின் பிரசுரத்திலிருந்து எடுத்த புகழ்மொழிகளைத் தோரணம் கட்டிவிடுகிறார்.

இதை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் குடும்பத்தில் பிறந்து, பொறியியல் படித்து, ஐந்தாறு ஆண்டுகளாகக் கம்பெனியில் உற்பத்தியைக் கவனித்துவரும் ஒரு பெண்மணி கெல்லாகுக்கு விண்ணப்பிப்பதாகக் கற்பித்துக்கொள்வோம். அவருடைய முதல் நகல் அநேகமாக இப்படி இருக்கும்: பள்ளியின் ஒத்துழைப்புப் பண்பும் உலகளாவிய மாணவர் சமூகமும் தம்மைப் பெரிதும் கவர்ந்தன, முந்நூறு தொழிலாளர்களை நிர்வகித்துத் தலைமைப் பண்பை வளர்த்துக்கொண்டிருக்கிறார், குடும்பத் தொழிலை உலகத் தரத்துக்கு உயர்த்துவது அவர் லட்சியம். இதில் பொய் எதுவும் இல்லை. பள்ளியின் பெயரை அடித்துவிட்டு வேறு பெயரை எழுதினாலும், ஊரின் பெயரை மாற்றி லூதியானா என்று போட்டாலும் ஒரு வரியும் கெடாது என்பதே அதன் தோஷம். இவரைப் போன்றவர்களுக்குத் திருத்திக் கொடுப்பதற்கென்றே கட்டணம் வாங்கும் ஆலோசகர்கள் பெருகியிருப்பதால், இந்தத் தோஷம் மொழியின் மெருகில் மறைந்து இன்னும் கெட்டுப்போகிறது.

அவரே தம் கம்பெனிக்குள் நடந்ததைக் கூர்ந்து பார்த்து எழுதுவதாக வைத்துக்கொள்வோம். தையல் வேலையை ஒப்பந்தமாக எடுத்துச் செய்யும் பவர் டேபிள் கான்ட்ராக்டர் ஒருவர், பீஸ் ஒன்றுக்கு இவ்வளவு என்ற கணக்கில் தம் தையற்காரர்களோடு பல வருஷமாக அங்கே இருக்கிறார். ஒவ்வொரு மெஷினிலும் மணிக்கு எத்தனை பீஸ் தைக்கப்படுகிறது என்று பலகையில் எழுதும் ஏற்பாட்டை இந்தப் பெண் ஒரு திங்கட்கிழமை அறிவித்தார். பலகையில் ஏறும் எண் நாளை தம் கூலி ரேட்டைக் குறைக்கப் பயன்படும் என்று சந்தேகித்த கான்ட்ராக்டர், வாதம் எதுவும் செய்யாமல், தீபாவளிக்கு ஊருக்குப் போன தம் ஆட்களைத் திரும்பும்போது பக்கத்துக் கம்பெனியில் இறக்கிவிட்டார். கப்பலில் போகவேண்டிய சரக்கு விமானத்தில் போயிற்று. அந்த ஆர்டரின் லாபம் முழுவதும் அந்தச் சரக்குக் கூலியிலேயே கரைந்தது. பிறகு அவர் கான்ட்ராக்டரின் வீட்டுக்கே சென்று, ரேட்டைக் குறைப்பதில்லை என்று கைப்பட எழுதிக் கொடுத்து, பலகையைக் கண்காணிப்பவராகக் கான்ட்ராக்டரின் ஆளையே நியமித்து, பாதி மெஷின்களுக்கு மட்டும் ஒப்புதல் பெற்றார். மறு பாதி இன்றும் பழைய முறையில்தான் ஓடுகிறது. ஒரு பீஸுக்கு என்ன செலவு என்பதைத் தம்மால் பைசா சுத்தமாகக் கணக்கிட முடியும், தம் கட்டளைக்குக் கட்டுப்படாத ஒருவரோடு பேரம் பேசி இணங்கவைக்கத் தெரியாது என்ற முடிவுக்கு அவர் வருகிறார். பேரமும் பூசல் தீர்த்தலும் பற்றிய ஆராய்ச்சியிலும் போதனையிலும் கெல்லாகுக்கு நெடுநாளைய பெயர் உண்டு. தாம் அங்கே போவது எதற்கு என்பதை அவர் இரண்டே வாக்கியங்களில் சொல்லிவிடலாம், அது வேறெந்தப் பள்ளிக்கும் அப்படியே செல்லாது.

தாம் கொண்டுபோவது என்ன என்ற மறுபாதியும் அவரிடம் இருக்கிறது. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் ஒருவர் ஒரே கடிதத்தில், தொழிலாளர் நலன் பற்றிய தணிக்கையைக் கடுமையாக்கியும் பீஸ் விலையைக் குறைத்தும் எழுதுவதை மேஜையின் இந்தப் பக்கத்திலிருந்து படித்தவர் அவர். சாயப்பட்டறைக் கழிவால் நொய்யல் ஆறு கெட்டுப்போனதன் விளைவாக, 2011ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது, பள்ளி மாணவியாக இருந்த அவர் வீட்டில் துணியை எந்த ஊருக்கு அனுப்பிச் சாயம் ஏற்றுவது என்ற பேச்சைத் தவிர வேறு பேச்சு இல்லாதிருந்ததை நினைவில் வைத்திருப்பார். பொறுப்பான கொள்முதல் பற்றிய கேஸ் வகுப்பில் விவாதிக்கப்படும் நாளில், பையரின் அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள் பலர் இருக்கக்கூடும். அந்த அலுவலகத்தின் கடிதம் போய்ச் சேரும் இடத்திலிருந்து வந்தவர் ஒருவர் இருந்தால் விவாதத்தின் போக்கே மாறும். இல்லாததை நிரப்பும் இணக்கம் என்று ஆராய்ச்சியாளர்கள் சொன்னது இதைத்தான்.

சிபாரிசுக் கடிதமும் இதோடு ஒத்துப்போகவேண்டும். பல பள்ளிகள் பொதுவாக உபயோகிக்கும் படிவம், விண்ணப்பதாரருக்கு நீங்கள் சொன்ன மிக முக்கியமான திருத்தம் எது, அதை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்று சிபாரிசு செய்பவரைக் கேட்கிறது. நம் மேலதிகாரிகள் இதைக் கண்டு திகைத்து, குறை எதுவும் இல்லாதவர் என்று எழுதிவிடுவதைப் பெருந்தன்மையாகக் கருதுகிறார்கள். அந்தப் பெருந்தன்மை விண்ணப்பத்தைக் கெடுக்கிறது. இந்தப் பெண்ணின் விஷயத்தில் தகப்பனாரோ சித்தப்பாவோ எழுதும் கடிதத்துக்கு மதிப்பிராது. தீபாவளிக்குப் பிறகு சரக்குத் தாமதமானதைப் பொறுத்துக்கொண்ட பையரின் உள்ளூர் ஏஜெண்டோ, வரவுசெலவைத் தணிக்கை செய்யும் ஆடிட்டரோ எழுதினால், அவர் அந்தத் தோல்வியை எப்படித் தாங்கினார் என்பதற்கு வெளியிலிருந்து ஒரு சாட்சி கிடைக்கும்.

ஏற்புடைமையை நிரூபிக்கும் சிரத்தையில், அந்தப் பள்ளி தனக்கு ஏற்றதுதானா என்று விசாரிப்பதை விட்டுவிடுவது பொதுவாகக் காணப்படும் பிழை. டக் பள்ளி நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்தில் ஹனோவர் என்ற சிற்றூரில் இருக்கிறது. ஒரு வகுப்புக்கு முந்நூறு பேருக்கும் குறைவு. நீண்ட பனிக்காலத்தில் சக மாணவர்களைத் தவிர வேறு துணை கிடையாது. அந்த நெருக்கத்தை விரும்புகிறவருக்கு அது பாக்கியம். படிக்கும்போதே நியூயார்க் வங்கிகளின் படியேறி இறங்க நினைப்பவருக்குச் சிறைவாசம், அவர் கொலம்பியாவையோ நியூயார்க் சர்வகலாசாலையின் ஸ்டெர்ன் பள்ளியையோ நாடுவதே மேல். நமது திருப்பூர்ப் பெண்மணியும், அங்கே படிக்கும் மாணவர்களிடம் விசாரித்து, பாடங்களின் விவரத்தைப் பார்த்து, எம்.ஐ.டி.யில் சரக்குச் சங்கிலியின் தாமதமும் தவறான ஊகமும் எப்படிப் பெருகுகின்றன என்பதை ஆடிக் காட்டும் புகழ்பெற்ற பீர் விளையாட்டைப் பற்றியும் கேட்டறிந்து, தம் குறை அதிலா பேரத்திலா என்று எடைபோட்ட பிறகு, எல்லாவற்றுக்கும் முந்திய ஒரு கேள்வியை எதிர்ப்படுவார்: இரண்டு வருஷம் கம்பெனியை யார் பார்த்துக்கொள்வது? தகப்பனாருக்கு அறுபத்தைந்து வயது, தம்பி இன்னும் கல்லூரியில். 1957ஆம் ஆண்டு பாரிஸுக்கு அருகே ஃபோன்டேன்புளோவில் தோன்றி, சிங்கப்பூரிலும் வளாகம் வைத்திருக்கும் இன்ஸியாட் பள்ளியில் எம்.பி.ஏ. பத்தே மாதங்களில் முடிந்துவிடுகிறது. சிங்கப்பூரிலிருந்து கோயம்புத்தூருக்கு நேர் விமானமும் உண்டு. கெல்லாகுக்கு எழுதிய கட்டுரையை அவர் எடுத்து வைத்துவிட்டு, பேரத்தைப் பற்றிய அந்த இரண்டு வாக்கியங்கள் இன்ஸியாடின் பாடத்திட்டத்தில் எங்கே பொருந்தும், பொருந்தாவிட்டால் அங்கே போவதில் என்ன பயன் என்று முதலிலிருந்து யோசிக்கவேண்டியிருக்கும்.